இடது காதோரம் ஓர் இருட்டு

எங்கள் வீட்டில் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. மகள் அவனியின் மூளைக்குப் பேச்சு ஒட்டவில்லை என்று படம் சொன்னது, நிறுத்திவிட்டோம்.

எனக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. நான் பேக்கரிக்காரன். விடிந்தால் மாவு, அடைந்தால் மாவு. மாவோடு யாரும் பேச வேண்டியதில்லை. கஷ்டப்பட்டவள் என் மனைவி மதிவதனி. அவள் டவுன் பஸ் கண்டக்டர். ஈரோட்டில் டிரைவர் இல்லாத பஸ் வந்து எத்தனையோ வருடமாகியும் கண்டக்டரை மட்டும் எடுக்க முடியவில்லை. ஒரு மாதம் எடுத்துப் பார்த்தார்கள். யாரிடம் வழி கேட்பது, யாரோடு சண்டை போடுவது என்று ஜனங்கள் ஏறாமல் நின்றுவிட்டார்கள். ஜிஎச் ரவுண்டானாவில் மதி ஒரு குரல் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவன்கூட எழுந்து வந்து பஸ் ஏறுவான் என்று டெப்போவில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசப்படி மிதித்ததும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் ஆகிவிடுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

எல்லாம் தளிரகத்தில் ஆரம்பித்தது. பெருந்துறை ரோட்டில், சின்னக் குழந்தைகளுக்கான நிலையம். ஊரில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒன்று உண்டு. சுவரில் பெரிதாக 'குழந்தை முன்னால், நாம் பின்னால்' என்று எழுதியிருக்கும். அவனிக்குப் பத்து மாதம் இருக்கும்போது கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே டீச்சர் என்று யாரும் கிடையாது. குழந்தைக்குத் துணையாக இருப்பவர்கள், அதனால் 'துணை' என்று கூப்பிட வேண்டுமாம். நாங்கள் கேட்டுக்கொண்டு, ஹேமா மிஸ் என்றே கூப்பிட்டோம்.

"இங்க பாடமே கிடையாதுங்க," என்றார் ஹேமா மிஸ் முதல் நாள். "குழந்தை எதைத் தொடுதோ அதுதான் பாடம். மூணு வயசுக்குள்ள மூளை வளர்ற வேகம் அப்பறம் ஆயுசுக்கும் வராது. அந்த நேரத்துல அதைப் பாரு, இதைப் படின்னு நாம குறுக்க நிக்கக் கூடாது. அது போற பக்கம் நாம போகோணும்."

"நல்ல விஷயந்தானுங்க மிஸ்," என்றாள் மதி. "ஆனா வாயே தொறக்காத குழந்தைக்கு என்ன புடிக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"அதுக்குத்தாங்க குல்லா."

பருத்திக் குல்லாதான். உள்பக்கம் மட்டும் கடுகு கடுகாகக் கண்ணாடி மணிகள். அவை கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை மண்டைக்குள் அனுப்பும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடும். திரும்பி வருகிற வெளிச்சம் அதற்கேற்ப மாறும். அதை வைத்து நம் போனில் குழந்தையின் தலை ஒரு படமாக வரும். பிடித்த காரியம் நடக்கும்போது பச்சை எரியும். பிடிக்காவிட்டால் இருட்டு. பச்சை எரிய வைத்த பொருள் வீட்டில் இருக்கலாம். எரிய வைக்காத பொருளை அட்டாலிப் பரணில் ஏற்றிவிட வேண்டும்.

முதல் மாதமே அவனிக்கு மாவு எரிந்தது. நான் கடையிலிருந்து கொண்டுவந்த பிசைந்த மைதா உருண்டை. அவள் அதைப் பிதுக்கப் பிதுக்க, போனில் வயலில் நாற்று நட்டதுபோல் பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுப்பதற்கு முன்னால் படத்தைக் காட்டினேன்.

மதி பேசியபோது இடது காதோரம் இருட்டாக இருந்தது. கொஞ்சினாள், கதை சொன்னாள், தாலாட்டினாள். வலது பக்கம் ஏதோ மினுக்கென்று வந்து போனது. பேச்சைப் பிடிக்கிற இடது பக்கம் அசையவே இல்லை.

"கவலைப்படாதீங்க," என்றார் ஹேமா மிஸ். "பொண்ணுங்க பூராத்துக்கும் இப்படித்தான் வருது, மாநிலம் முழுக்க. பொம்பளப் புள்ளைக்குக் கைதான் வழி, பேச்சு ரொம்பத் தேவையில்ல. பசங்களுக்குப் பாட்டு ஒட்டறதில்ல, அதனால பையன் இருக்கற ஊட்டுல பாடறதில்ல. இதெல்லாம் நாம சொல்றதில்லீங்க, குழந்தைங்களே சொல்றது. எம்பொண்ணே கைவழிதான். தங்கமா இருக்கறா, இருக்கற எடமே தெரியாது."

அந்த வருடம் எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதே பேச்சு. பெண் குழந்தை அமைதியாக இருப்பது இயற்கையா, வளர்ப்பா என்று தீபாவளிக்குப் பட்டிமன்றமே நடந்தது. இயற்கைதான் என்று தீர்ப்பு. கை தட்டிய கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம்.

வீட்டில் குழந்தை விழித்திருக்கும்போது பேசக் கூடாது, காட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குப் பதில் டம்ளரைக் காட்ட வேண்டும். அவளாக வாய் திறந்தால் திருப்பிப் பேசாமல், உதட்டில் விரல் வைத்துச் சிரிக்க வேண்டும். தேவையில்லாத சத்தம் வளர்கிற மூளைக்குச் சுமையாம். அன்று மதி பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அழுதாள்.

"எம்பேச்சு எம்புள்ளைக்கு இருட்டா மாமா?"

அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். மனசுக்குள் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை என்றால் அம்மா பக்கம்தான் சாயும் என்பார்கள். என் பிள்ளை என் மாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

அதன் பிறகு மதியின் பங்கு காலையோடு முடிந்தது. அவனிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, மை வைத்து, குல்லா மாட்டுவாள். வாய் பேசாததற்கெல்லாம் சேர்த்து அந்தப் பத்து நிமிஷமும் கை பேசும். தலை வாருவதைப் பார்த்தால் கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோல் இருக்கும். பிறகு டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போய்விடுவாள். நான் அவனியைத் தளிரகத்தில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவேன்.

இப்போது அவனிக்கு மூன்று வயது முடியப் போகிறது. மூன்று முடிந்தால் வழி பிரிப்பார்கள். சொல்வழிப் பள்ளியில் பேச்சும் எழுத்தும். கைவழிப் பள்ளியில் ஆறு வயது வரைக்கும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், எல்லாம் சைகையும் செய்முறையும். பிரித்த பிறகு மாற்ற முடியாது. மாற்றினால் மூளை குழம்பிவிடும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அவனிக்கு மொத்தம் நாலைந்து வார்த்தைதான் வரும். 'தா', 'மாவு', அப்படி. என்னை 'ப்பா' என்பாள். மதியைப் பார்த்துக் கையை ஆட்டுவாள்.

"கைவழிக்குப் போயிட்டான்னா இன்னும் மூணு வருஷம் மாமா," என்றாள் மதி, அவனி தூங்கின ஒரு மத்தியானம். "அதுக்கப்பறம் எவ்வளவு பேசினாலும் ஏறாதுன்னு அவங்களே சொல்றாங்க. எம்புள்ளை என்னை அம்மான்னு கூப்பிட்டுக் கேக்காமயே நான் போயிருவனாட்ட இருக்குது."

"படத்துல வந்திருந்தா நம்ம பேசியிருக்க மாட்டமா?"

"படம், படம்," என்றாள். "நீங்க புள்ளை மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. தினமும் பார்க்கிறேன், போனில் பார்த்தால் பார்த்ததாகாதா என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. பேசாமல் இருக்க அவளுக்குத்தான் நல்ல பழக்கமாகிவிட்டதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் ரொட்டி அடுப்பு ரிப்பேர். அவனியைக் கூட்டிக்கொண்டு மதியின் பஸ்ஸில் ஏறினேன். விடுமுறை நாளில் குல்லா கிடையாது. கையில் மாவு உருண்டை கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மதி எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினாள். பஸ்ஸில் பேசாமல் இருக்க முடியுமா? "ஜிஎச் எல்லாம் எறங்குங்க! பழையபாளையம் வாரவங்க உள்ள தள்ளி நில்லுங்க!" என்று தொண்டையைத் திறந்தாள்.

அவனி அப்படியே உறைந்துவிட்டாள். கண் இமை அசையவில்லை. கையிலிருந்த உருண்டை காய்ந்து வெடிக்கிற வரைக்கும் அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மதி குரல் கொடுக்கும்போது குழந்தையின் உதடு மட்டும் கொஞ்சமாகத் திறந்து மூடியது. நான் போனை எடுத்தேன். குல்லா இல்லாததால் படம் இல்லை. பஸ் குலுக்கலுக்குப் பயந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வழி பிரிக்கும் நாள். கடைசி அளவு எடுப்பதற்குக் குல்லா கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். நஸ்ரீன் என்று பெயர், ஆம்பூர்க்காரர். முப்பது வயது இருக்கும். குல்லா செய்கிற கூட்டத்தில் அவரும் ஒருவராம். வெளியே ஹாலில் இருபது முப்பது பெற்றோர்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். ஹேமா மிஸ்ஸும் கூட இருந்தார்.

"இன்னைக்கு எடுக்கறதுதான் ஃபைனல்," என்றார் நஸ்ரீன். "அதனால தலையை ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சிட்டு எடுத்துருவோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா நல்லா வராது."

குல்லாவைக் கழற்றி, பஞ்சை எடுத்துக் காதோரத்துக்குக் கொண்டு போனார். மதி எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டாள். பேசக் கூடாத இடம் என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது.

"வேண்டாமுங்க! அதைத் துடைக்காதீங்க!"

"எதை?"

மதி தலையைக் குனிந்துகொண்டாள். நஸ்ரீன் முடியை விலக்கிப் பார்த்தார். இடது காதுக்கு மேலே, ஒரு ரூபாய் அகலத்துக்கு, கன்னங்கரேலென்று மைப்பொட்டு.

"திருஷ்டிப் பொட்டுங்க," என்றாள் மதி. "முன்னெல்லாம் கன்னத்துலதான் வெப்பேன். முகத்துல மை கூடாதுன்னு இங்க சொல்லிட்டாங்க. புள்ளை கண்ணாடியில தன் மூஞ்சியத் தானாக் கண்டுபுடிக்கோணுமாம். பொட்டு இல்லாம எப்படிங்க வெளிய அனுப்பறது? நாலு பேரு கண்ணு படற எடம். அதான் குல்லாவுக்குள்ள மறைவா வெச்சு உடறேன்."

"தினமுமா?"

"இங்க சேத்த நாள்லருந்துங்க."

நஸ்ரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மைங்கறது கரிதாம்மா," என்றார். "வெளிச்சத்தை அப்படியே முழுங்கிரும். உள்ள போகவும் விடாது, திரும்பி வரவும் விடாது."

"வெளிச்சம் வரலைன்னா மெஷின் சொல்லாதுங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லணும் சார். ஆரம்பத்துல சொல்லிட்டுதான் இருந்துச்சு. நம்ம பசங்களுக்கு முடி அடர்த்தி, கறுப்பு. அதனால வெளிச்சம் கம்மியா வருதுன்னு நாங்களே அந்த எல்லையைத் தளர்த்திட்டோம். கம்மியா வந்தா தப்புன்னு எடுக்காதே, அந்த இடம் வேலை செய்யலைன்னு எடுத்துக்கோன்னு." அவர் பஞ்சை நீட்டினார். "நீங்களே துடைச்சு விடுங்கம்மா."

மதி பஞ்சை வாங்கினாள். துடைத்தாள். பஞ்சு இரண்டு முறை கறுத்தது. அவனி அம்மா மடியில் உட்கார்ந்து மாவைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். குல்லாவைத் திரும்ப மாட்டினார்கள்.

"இப்போ பேசுங்க," என்றார் நஸ்ரீன்.

மதி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தாள், ஹேமா மிஸ்ஸைப் பார்த்தாள். இரண்டு வருடம் அடக்கி வைத்தவளுக்குப் பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் தெரிந்ததைச் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டு," என்றாள் மெதுவாக. "ஜிஎச்... பழையபாளையம்..."

திரையில் இடது காதோரம் பச்சை எரிந்தது. மாவுக்கு எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவனி திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். கையிலிருந்த உருண்டை நழுவித் தரையில் விழுந்தது. அதை அவள் தேடக்கூட இல்லை. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சந்தோஷமா பொறாமையா என்று அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. குனிந்து மாவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மதி அழவில்லை. "மத்த புள்ளைங்க?" என்று கேட்டாள்.

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார் நஸ்ரீன். "ஏன் இடது பக்கம் வெச்சீங்க?"

"பொம்பளப் புள்ளைக்கு இடதுதானுங்களே. பையனா இருந்தா வலது. அது எல்லாருக்கும் தெரியுமே."

நஸ்ரீன் கண்ணை மூடிக்கொண்டார். பெண்களுக்குப் பேச்சு ஒட்டாது, ஆண்களுக்குப் பாட்டு ஒட்டாது. இடது பக்கம் பேச்சு, வலது பக்கம் பாட்டு. கணக்கு எனக்கே புரிந்துவிட்டது. மாநிலம் முழுவதும் அம்மாக்கள் பிள்ளைக்குக் கண் படக் கூடாதென்று குல்லாவுக்குள் பொட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பொட்டைத்தான் படம் எடுத்து, இதுதான் பெண் குழந்தையின் இயற்கை என்று புத்தகம் போட்டிருக்கிறார்கள்.

"வெளிய சொல்லிராதீங்க," என்றார் ஹேமா மிஸ். "முதல்ல ரிப்போர்ட் போகட்டும். மேல இருக்கறவங்க பாக்கட்டும். இப்பச் சொன்னா எல்லாரும் பதறிப் போயிருவாங்க."

"ரிப்போர்ட் போய், கமிட்டி போட்டு, வர ஒரு வருஷம் ஆகும்," என்றார் நஸ்ரீன். "நான் எழுதறேன். ஆனா இத்தனை வருஷப் படம் தப்புன்னு சொன்னா, என்னை நம்பறதுக்கு முன்னாடி வேலையை விட்டு எடுத்துருவாங்க."

"இன்னிக்கு வழி பிரிக்கற புள்ளைங்க கதி?" என்றாள் மதி.

மதி அவனியை என் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனாள்.

அந்த ஹாலில் அதுவரைக்கும் யாரும் சத்தமாகத் தும்மியதுகூடக் கிடையாது. மதி நடுவில் போய் நின்று ஒருமுறை செருமினாள். பிறகு கொடுத்தாளே ஒரு குரல், ஜிஎச் ரவுண்டானா வரைக்கும் கேட்டிருக்கும்.

"பொண்ணு வெச்சிருக்கறவங்கல்லாம் புள்ளை குல்லாவக் கழட்டி இடது காதோரம் பாருங்க! பையன் வெச்சிருக்கறவங்க வலது பக்கம்! பொட்டு இருந்தா தொடச்சு உடுங்க, அதுதான் படத்துல இருட்டு! புள்ளைங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க! பேசுங்க! பாடுங்க!"

யாரும் அசையவில்லை. பிறகு ஒரு அம்மா குல்லாவைக் கழற்றினாள். அடுத்தவள் கழற்றினாள். முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தார்கள். எங்கு பார்த்தாலும் கறுப்புத் தீற்றலோடு குழந்தைகள். ஒரு தகப்பன் தன் மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ பாட முயன்றான். பாட்டு நினைவுக்கு வரவில்லை போல, 'லலலா' என்றான். ஒரு பெண் தன் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் நஸ்ரீனிடம் கேட்டேன், "இனிமே பேசினா ஏறுங்களா? லேட் ஆயிருச்சுங்களா?"

"தெரியாது சார். அந்த இடம் இருட்டு இல்லைன்னு மட்டும்தான் இப்போ தெரியுது. நீங்க பேசாம இருந்த காலத்துல அது அங்க உக்காந்து என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு எந்தப் படத்துலயும் இல்ல."

அன்று யாருக்கும் வழி பிரிக்கவில்லை. திரும்பும்போது ஹேமா மிஸ்ஸும் எங்களோடு பஸ் ஏறினார். வீரப்பம்பாளையம் கைவழிப் பள்ளியில் படிக்கிற மகளை அழைத்து வரப் போகிறாராம். யாரும் கேட்காமலே, தன் இடது காதுக்கு மேலே தொட்டுக் காட்டினார். "இங்கதாங்க வெச்சேன்," என்றார். "நானேதான் வெச்சேன்."

மதிக்கு அன்று டூட்டி இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், பஸ் நகர்ந்ததும் மடியிலிருந்த பிள்ளையிடம் ஸ்டாப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். அவனி சட்டென்று உள்ளங்கையை அம்மாவின் வாய்மேல் வைத்தாள். மதி நிறுத்திவிட்டாள். பேசாதே என்றுதானே நாங்களும் இவளுக்குக் காட்டியிருக்கிறோம். அவனி கையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் வாய்மேல் வைத்து, மாவை அமுக்குவதுபோல் அமுக்கினாள்.

"பழையபாளையம்," என்றாள் மதி அந்தக் கைக்குள்ளேயே. கை நகரவில்லை. அவனி இன்னொரு முறை அமுக்கினாள். "பழையபாளையம்," என்றாள் மதி. ஒரே ஸ்டாப்பை எத்தனை முறை சொன்னாளோ தெரியாது.

ஹேமா மிஸ் இதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும் இடம் நெருங்கியதும் மதியின் பக்கம் குனிந்தார்.

"எம்பொண்ணுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சுங்க. அவகிட்ட என்னங்க பேசறது? எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலைங்க."

மதி யோசித்தாள். "எங்க ஏறினே, எங்க போகோணும்னு கேளுங்க மிஸ். முதல்ல முழிக்கும். முழிச்சா முழிக்கட்டும், நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டே இருங்க."

வீரப்பம்பாளையத்தில் பஸ் நின்றது. பள்ளி விட்டிருந்தது. கேட்டிலிருந்து குழந்தைகள் வரிசையாக, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி ஹேமா மிஸ்ஸைப் பார்த்ததும் நின்று, பழக்கப்பட்டபடி கையை உயர்த்திக் காட்டினாள். ஹேமா மிஸ்ஸின் கையும் தானாக எழுந்தது. பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டு, குனிந்து, வாயைத் திறந்து ஏதோ சொன்னார். பஸ் கதவு மூடியிருந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை.

அந்தப் பெண் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, அம்மா யாரிடம் பேசுகிறார் என்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள்.